இருவர் இசைவில் ஓடும் வண்டி

அம்பாசமுத்திரம் தாண்டியதும் வண்டி முக்கில் நின்றுவிட்டது. காலை வெயில் இன்னும் ஏறவில்லை. என் மனைவி எஸ்தர் பல் விளக்கிக்கொண்டே பின்பக்கத்திலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"மணிமுத்தாறுக்கு வர்றேன்னுதான சொன்னீங்க? பெறகு ஏன் நிக்குது?"

நான் என் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்தேன். பச்சையாக இருக்க வேண்டியது மஞ்சளாக இருந்தது. வாய்தான் சரி என்று சொல்லியிருந்தது. மனம் குற்றாலத்து அருவியை விட்டு இன்னும் வெளியே வரவில்லை.

ஓட்டுநரில்லாத வண்டிகள் வந்த புதிதில், ஒரு பெண்ணை ஏற்றிக் கதவைப் பூட்டிவிட்டால் அவளுக்கு வேண்டாத கல்யாணத்துக்கும் கொண்டுபோய் இறக்கிவிடலாம் என்று ஆகிப்போயிருந்தது. அதற்கு முடிவு கட்டத்தான் இசைவுச் சட்டம் வந்தது. ஏறியவர்கள் எல்லாரும் மனதாரப் போக விரும்பினால்தான் சக்கரம் உருளும். மனதை அளக்கும் பட்டைக்கு விருப்பமானி என்று பெயர். ஜனங்கள் இங்கிலீஷில் வில்மீட்டர் என்பார்கள். நல்ல சட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் "உங்க இஷ்டம்", "எனக்கு எதுனாலும் சரி" என்றே காலம் தள்ளிய தம்பதிகள் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அதனால் பலரும் சேர்ந்து போவதென்றால் ரயிலில் போவார்கள். ரயில் யார் மனதையும் கேட்பதில்லை.

எஸ்தர் வேண்டுமென்றேதான் படுக்கையும் அடுப்பும் உள்ள இந்தக் கேம்பர்வேனை எடுத்தாள். பயணத்தின் கடைசியில் அவள் குலசேகரப்பட்டினம் ஏவுதளத்தில் போய்ச் சேர வேண்டும். நிலவுக் குடியிருப்பில் தண்ணீரைச் சுத்திகரித்து மறுபடி ஓடவிடும் இயந்திரங்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை, இரண்டு வருஷம். உத்தரவு வந்த அன்றே போயிட்டு வா என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பவில்லை.

"வாயால சொல்றதெல்லாம் வேண்டாம். வேன்ல போவோம். குலசை ரோட்டுல வண்டி நின்னுச்சுன்னா நான் போகலை. திரும்பி வந்துருவோம்" என்றாள்.

அந்த வேலைக்காக அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். என் மனது ஒரு முறை மஞ்சள் காட்டினால் எல்லாம் போச்சு. பள்ளிக்கூடத்தில் கணக்கு நடத்துகிறவன் நான், மனதை எப்படி நடத்துவது என்று யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே பட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அணைப் பக்கத்துல ஒரு கடை இருக்காம். ஆத்து மீனை அப்பவே பிடிச்சுப் பொரிச்சுத் தர்றாங்களாம்" என்றாள் எஸ்தர், வெளியே பார்த்தபடி.

பட்டை பச்சையானது. வண்டி கிளம்பியது.

"உங்களுக்கு மனசு வயித்துலதான் இருக்கு" என்று சிரித்தாள்.

மணிமுத்தாறில் எங்களுக்குள் தகராறே வரவில்லை. அவள் கயாக் படகைத் தள்ளிக்கொண்டு அணைநீரில் இறங்கினாள். நான் மருத மர நிழலில் மடக்கு நாற்காலியைப் போட்டு, மீனைத் தின்று, தூங்கி, எழுந்து, மறுபடியும் மீன் தின்றேன். மாலையில் அவள் அக்கரைப் பாறையில் கயிறு கட்டி ஏறினாள். பாதியில் பிடி வழுக்கிக் கயிற்றில் தொங்கியபோது எனக்கு உயிரே போய்விட்டது. அவளோ தொங்கிக்கொண்டே மேலே பார்த்து, அடுத்த பிடி எங்கே என்று தேடிக்கொண்டிருந்தாள். தொலைநோக்கியில் அந்த முகத்தைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமான எஸ்தரை எங்கள் வீட்டுக்குள் நான் பார்த்ததே இல்லை.

மறுநாள் காலை குலசைக்குப் புறப்பட்டோம். நாங்குநேரி போனது, சாத்தான்குளம் போனது. வேகமுள் கொஞ்சமும் இறங்கவே இல்லை. உடன்குடியில் கருப்பட்டிக் கடைகளைத் தாண்டும்போதுதான் எனக்கே உறைத்தது, நான் எதையும் அடக்கிக்கொண்டிருக்கவில்லை. அவள் போக வேண்டும் என்று மெய்யாகவே ஆசைப்பட்டேன். ஏவுதள வாசலில் வண்டி தானாக ஓரங்கட்டியது. அப்பாடா என்று அவள் பக்கம் திரும்பினால், அவள் கண் கலங்கியிருந்தது.

"என்னம்மா? நின்னுருமோன்னுதான பயந்த? நிக்கலையே."

"நிக்க வேண்டாங்க. எங்கயாவது ஒரு இடத்துல கொஞ்சம் மெதுவாவாவது போயிருக்கலாம்."

முந்தைய தலைமுறைக் கணவன் என்றால் "நீ இல்லாம எப்படி இருப்பேன்" என்று ஒரு வார்த்தை சொல்லி அவளைத் தேற்றியிருப்பான். அது பொய்யா நிஜமா என்று யாரும் அளந்து பார்த்திருக்க மாட்டார்கள். நான் பையை இறக்கிக் கொடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து அழுத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

நான் வண்டியில் ஏறி உட்கார்ந்து, "பாளையங்கோட்டை, வீட்டுக்கு" என்றேன்.

வண்டி நகரவில்லை. இன்னொரு முறை சொன்னேன். கதவைத் திறந்து மூடினேன். கையில் பட்டை மஞ்சளைத் தாண்டிச் சிவப்பாகியிருந்தது. பின்னால் ஒரு பேருந்து ஒலி எழுப்பியது. காவலர் வந்து கண்ணாடியைத் தட்டி, எடுங்க சார் என்றார். எடுக்க முடியவில்லை.

போன் அடித்தது. எஸ்தர்தான்.

"மாடி ஜன்னல்லருந்து பாக்கேன். வண்டி ஏன் இன்னும் வாசல்லயே நிக்குது?"

"தெரியல. வீட்டுக்குன்னு சொல்லிட்டேன். போக மாட்டேங்குது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தமும், கூடவே சிரிப்பும் கேட்டன.

"அப்ப சரி. நான் கிளம்புதேன்" என்றாள்.