வைக்காத ஆப்பு

காலையிலேயே கூடத்துக் கதவு பாதியில் மாட்டிக்கொண்டது.

வேலைக்குக் கிளம்பிய மருமகள் தோளில் பையோடு இழுத்துப் பார்த்தாள். கிறீச்சிட்டதே தவிர, கதவு நகரவில்லை. குனிந்து பார்த்தாள். போன மாதம் புதிதாகப் போட்ட லேமினேட் பலகைத் தரை, ஒட்டகத்தின் முதுகு போலப் புடைத்துக்கொண்டு நின்றது!

"யாரு இதுல தண்ணி ஊத்தினது? அத்தை... நீங்களா?"

சமையலறை வாசலில் நின்ற அம்மாவின் பார்வை மகன் மேல் போயிற்று.

ஆறு மாதமாக வேலை இல்லாதவன். மனைவியின் சம்பாத்தியத்தில் இன்னொரு வாய் சோறு கேட்கக்கூடக் கூசுகிறவன். பலகைகளை வாங்கி வந்து, முட்டி தேயத் தேய, தானே உட்கார்ந்து கூடம் முழுக்கப் பதித்தான். வேலை முடிந்த அன்று மருமகள் வெறுங்காலோடு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து, "ஏங்க, நிஜமா நீங்களா போட்டீங்க?" என்று சிரித்தாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அம்மாவுக்கு அந்தப் பொட்டலம் நினைவுக்கு வந்தது. பலகைகளோடு வந்த பிளாஸ்டிக் ஆப்புகள். சுவருக்கும் பலகைக்கும் நடுவில் செருகி இடம் விட வேண்டும் என்று மேலே படம்கூடப் போட்டிருந்தது. "இது எதுக்குடா?" என்று அவள் கேட்டதற்கு, "அது வேணாம்மா. சந்து விட்டா எறும்பு பூந்துடும்" என்று குப்பையில் போட்டுவிட்டு, சுவரை முட்ட முட்டப் பலகையை இறக்கினான். இப்போது வெயில் கொளுத்துகிறது. விரிய இடமில்லாத பலகை வேறெங்கே போகும்? மேலேதானே எழும்பும்?

"கேக்கறேன்ல அத்தை!"

"நான்தான்மா... அழுக்கா இருக்கேன்னு வாளித் தண்ணிய ஊத்தித் துடைச்சிட்டேன்."

"ஏம்மா!" கத்தியது மகன்தான். "ஈரம் ஆகாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! என் உழைப்பு உனக்கு அவ்வளவு இளப்பமாப் போச்சா?"

மருமகளின் சொல் காதோடு போயிற்று. மகனின் சொல் உள்ளே இறங்கியது.

அன்றிலிருந்து தரை துடைக்கிற மாப் அலமாரிக்குள் பூட்டப்பட்டது. "நீங்க உங்க ரூம்லயே இருங்க அத்தை. அதுவே பெரிய உதவி." சாப்பாட்டுத் தட்டும் அறைக்கே வந்தது. அந்த அறையில் மட்டும் பழைய சிமெண்ட் தரை. கூடத்தில் டிவி பேசும்; என்ன நாடகம் என்று குரலை வைத்து ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மகனின் காலடி வாசலைக் கடக்கும்போதெல்லாம் நிமிர்வாள். காலடி நிற்காது.

படுக்கும்போது மட்டும் தலையணைக்கடியில் தொட்டுப் பார்ப்பாள். பொட்டலம் இருக்கும். குப்பைக்கூடையைக் கொட்டுவது மருமகள் ஆயிற்றே, அவள் கண்ணில் பட்டால் மகன் செய்த தப்பு தெரிந்துவிடுமே என்று, அவன் தூக்கிப் போட்ட அன்றே எடுத்து வைத்தது.

ஞாயிற்றுக்கிழமை தலையணை உறை மாற்ற வந்த மருமகளின் கண்ணில் பட்டேவிட்டது.

"இது தரைக்கு வைக்கிற ஆப்புதானே? பிரிக்கவே இல்ல! ஒளிச்சு வெச்சீங்களா? தண்ணி ஊத்தினது போதாதுன்னு இது வேறயா? அவரு உருப்படியா ஒண்ணு செஞ்சா உங்களுக்கே பொறுக்கலையா... பெத்த புள்ளைக்கே ஆப்பு வெச்சிட்டீங்களே அத்தை!"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்கள் மட்டும் வழிந்தன.

சத்தம் கேட்டு வந்த மகன் பொட்டலத்தை வாங்கித் திருப்பினான். படத்தைப் பார்த்தான். முகம் வெளுத்தது. கூடத்துக்குப் போய் சுவரோரச் சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினான்.

"வேணாம்டா... விட்டுடுடா!" அம்மா பின்னாலேயே ஓடினாள்.

சட்டம் கழன்றது. பலகை சுவர்ப் பூச்சையே கடித்துக்கொண்டு நின்றது. புடைத்த இடத்தைப் பெயர்த்தான். அடியில் விரித்த ஃபோம் ஷீட்டில் ஒரு பொட்டு ஈரம் இல்லை; ஈரத்தின் கறையும் இல்லை.

"அம்மா... நீ தண்ணியே ஊத்தல."

அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்த ஆப்பை வேணாம்னு தூக்கிப் போட்டது நான்தான்!" மனைவியைப் பார்த்துச் சொன்னவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "தப்பு என்னோடது. ஏம்மா உன் தலையில போட்டுக்கிட்டே?"

"அவ உன்னப் பார்த்துச் சிரிச்சாளேடா அன்னிக்கு..." அம்மா அவன் தலையைத் தடவினாள். "அது போயிடுமோன்னுதான்..."

மருமகள் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். "நான் தரையப் பார்த்தா அத்தை சிரிச்சேன்? அவரு நிமிர்ந்து நின்னதைப் பார்த்து! அதுக்குப் போய் உங்கள ஒரு ரூம்ல உக்கார வெச்சிட்டேனே... நான் மனுஷியா!"

மதியமே வேலை தொடங்கியது. மகன் பலகை ஓரத்தை அறுத்துவிட்டு, திரும்பாமலே கையை நீட்டினான்.

"ஆப்பு குடும்மா."

அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். மருமகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "வைக்காத ஆப்புக்குத்தான் இவ்வளவு பேச்சு வாங்கினீங்க. இன்னிக்கு நிஜமாவே வைங்க அத்தை!" என்றாள். மூன்று பேரும் சிரித்தார்கள்.

இரவு சோற்றைப் போட்டுக்கொண்ட அம்மா, தட்டோடு தன் அறைப் பக்கம் நடந்தாள். கால்கள் தாமாகவே அந்தப் பக்கம் போயின.

மகன் எழுந்து வந்தான். தட்டை வாங்கிக் கூடத்தில் வைத்தான். தன் தட்டுக்குப் பக்கத்தில்.