வெள்ளிக்கிழமை ரசீது

ஜெயபாலன் நீதிமன்றத்தின் பூட்டிய கதவைக் கால் மணி நேரம் தட்டிப் பார்த்துவிட்டு, அதன் பிறகுதான் சபாபதியின் வீட்டுக்கு வந்தார்.

சபாபதி அந்த நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர். ஓய்வு நாட்களில் பிறருடைய சிக்கல்களை அவிழ்ப்பார். அவருக்குப் பக்கத்தில் கிரகோரி வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தான். மனு டைப் அடிப்பது அவன் தொழில். குற்றவாளியைக் கண்டுபிடிப்பது அவன் ஆசை. இதுவரை பதினோரு பேரைக் கண்டுபிடித்திருக்கிறான். எல்லோரும் நிரபராதிகள்.

"இன்னிக்கு இங்க என்னங்கய்யா விசேஷம்? கோர்ட்டு பூட்டிக் கிடக்கு!"

"விசேஷம் ஒண்ணும் இல்லை. உட்காருங்க," என்றார் சபாபதி.

ஜெயபாலன் நாகப்பட்டினத்துக்காரர். தங்கைக்கு மாப்பிள்ளை பார்க்க ஜொகூர் பாருவுக்கு வந்து, செல்லப்பன் என்பவரிடம் ஒரு மோட்டார் காரை வாடகைக்கு எடுத்திருந்தார். தங்கியதும் செல்லப்பனின் கார் கொட்டகை மாடியில்தான். போன வெள்ளிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்கு, உலு திராம் சாலையில் அந்தக் கார் அங்கம்மா என்ற, ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டும் பெண்ணை மோதிவிட்டு நிற்காமல் போனது. ஹார்ன் சத்தம் கேட்டுத் திரும்பிய அவள் புருஷன் வீரமுத்து, காரின் எண்ணை மட்டும் பார்த்தான். மறுநாள் காலை அவள் செத்துப்போனாள். போலீஸ் காரை இழுத்துச் சென்றது. வாடகைப் புத்தகத்தில் இருந்தது ஜெயபாலனின் கையெழுத்து.

"சாப்பிட்டுட்டு மாடியில தூங்கிட்டிருந்தேங்கய்யா. அதுக்கு யாரு சாட்சி? பாஸ்போர்ட்டை வாங்கி வெச்சுட்டாங்க. செவ்வாய்க்கிழமை கப்பல். ஜெயில்ங்கறாங்க."

"வண்டி எப்படி?"

"அதை வண்டின்னே சொல்லாதீங்க. ஹார்னே அடிக்காது. வாரம் முழுக்கத் தலையை வெளிய நீட்டி 'ஓரம், ஓரம்'னு கத்தித் தொண்டை போச்சு."

"கவலையே வேண்டாம் லா," என்றான் கிரகோரி. "ஆதாரம் இருக்கு. நேத்தே மனுவோட சேர்த்துக் கொடுத்தாச்சு. நான்தான் டைப் அடிச்சேன்."

நகலை நீட்டினான். தங்காக்கில் காரைக் குறுக்கே நிறுத்தியதற்காக ஐந்து வெள்ளி அபராதம், நீதிமன்ற அலுவலகத்தில் கட்டிய ரசீது. போன வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி.

"தங்காக் எங்க, உலு திராம் எங்க! நூறு மைலுக்கு மேல!"

சபாபதி நகலை இரண்டு முறை படித்தார். "கிரகோரி, இன்னிக்கு நீ ஏன் கடலை உரிக்கிற?"

"வெள்ளிக்கிழமை. ஜொகூர்ல ஞாயிறு இல்லை, இதுதான் வார லீவு. எந்த அலுவலகம்..." கிரகோரியின் கை நின்றது. "அலமாக், அடக் கடவுளே!"

ஜெயபாலன் நகலை வாங்கிப் பார்த்தார். "செல்லப்பண்ணன்தான் கொடுத்தார். 'தூங்கினேன்னு சொன்னா சிரிப்பாங்க தம்பி, இதைக் காட்டு'ன்னார்."

"பொய்!" கிரகோரி பன்னிரண்டாவது ஆளைக் கண்டுபிடித்துவிட்டான். "வெளியூர்க்காரர்தான் இப்படித் தப்பாத் தேதி போடுவார். இவரே எழுதியிருக்கார்."

"வெளியூர்க்காரருக்கு ரசீது தாள் ஏது?" என்றார் சபாபதி. "செல்லப்பன் அபராதம் கட்டியே நரைச்சவர். வெள்ளிக்கிழமை பணம் வாங்க ஆள் இருக்காதுன்னு அவருக்குத் தெரியாதா? போலீஸ்காரன் எழுதற சம்மன் சீட்டுன்னா எந்த நாளும் கிழிப்பான். அதை விட்டுட்டு ரசீதைக் கொடுத்திருக்கார். உங்களைக் காப்பாத்த இல்லைங்க, மாட்டிவிட."

"எதுக்குங்கய்யா?"

"அதைக் கார்கிட்டயே கேட்டுடுவோம்."

மறுநாள் போலீஸ் நிலைய முற்றத்தில் எல்லோரும் கூடினார்கள். இன்ஸ்பெக்டர் நாற்காலியில் இருந்தார். வீரமுத்து வெயிலில் நின்றான்.

"காரைக் கொஞ்சம் நிழலுக்கு நகர்த்துங்க," என்று சபாபதி செல்லப்பனிடம் சொன்னார். கிரகோரியின் காதில், "கார் கிளம்பினதும் குறுக்கே போ" என்றார். எதற்கு என்று அவர் சொல்லவில்லை. கிரகோரியும் கேட்கவில்லை, இதுதான் துப்பறிவது என்று நினைத்துக்கொண்டு போனான்.

செல்லப்பனின் இடது கை தானாக இருக்கைக்கு அடியில் போய் வந்தது. ஹார்ன் முற்றமே அதிர அலறியது. கார் கிரகோரியின் முழங்காலை லேசாகத் தட்டிவிட்டு நின்றது.

"வாடகைக்கு எடுக்கிறவங்க ஹார்ன் அடிச்சே பேட்டரியைத் தீர்த்துடுவாங்கன்னு, இருக்கைக்கு அடியில சுவிட்ச் போட்டு ஹார்னை அணைச்சு வெச்சிருக்கார்," என்றார் சபாபதி. "ஜெயபாலன் வாரம் முழுக்கக் கத்திக்கிட்டுத்தான் ஓட்டினார். அங்கம்மாவை மோதின ஆள் ஹார்ன் அடிச்சான். அந்த சுவிட்ச் தெரிஞ்ச ஆள் ஒருத்தர்தான்."

செல்லப்பன் எல்லோரையும் பார்த்தார். "பழைய டயர் ஒண்ணு விலைக்கு வந்துச்சு, பார்க்கப் போனேன்," என்றார். "ஆனா ரசீது நான் கொடுக்கலை. யாராச்சும் பார்த்தாங்களா?"

யாரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நீதிமன்றம் கூடியது. மாஜிஸ்திரேட்டின் தீர்ப்பைச் சபாபதிதான் தமிழில் சொன்னார், ஒரு சொல் பிசகாமல். செல்லப்பன் கார் ஓட்டியது ஹார்னால் நிரூபணம் ஆயிற்று. அதே ஹார்னால், முன்னெச்சரிக்கை கொடுத்த பிறகே மோதினார் என்பதும் நிரூபணம் ஆயிற்று. ஆகவே கவனக்குறைவு மட்டும். ஐம்பது வெள்ளி அபராதம். ஜெயபாலன் அங்கம்மாவின் சாவுக்குப் பொறுப்பில்லை. பொய் ஆவணத்தைக் கையெழுத்திட்ட மனுவோடு தாக்கல் செய்ததற்கு ஆறு மாதச் சிறை.

"என்னங்க சொன்னாங்க?" என்று வீரமுத்து கேட்டான்.

"நீ ஹார்ன் கேட்டேன்னு சொன்னே பாரு, அதனாலதான் அவருக்குத் தண்டனை குறைஞ்சுது," என்று கிரகோரி பொறுமையாக விளக்கினான். வீரமுத்து தலையாட்டிவிட்டு, அப்போதும் புரியாதவன் போல அங்கேயே நின்றான்.

வெளியே, கைவிலங்கோடு வந்த ஜெயபாலனைச் செல்லப்பன் வழிமறித்து, சட்டைப் பையில் ஒரு காகிதத்தைச் செருகினார்.

"வண்டி போலீஸ்ல நின்ன எட்டு நாள் வாடகை, தம்பி. உன் கையெழுத்துல போன வண்டிதானே? பெட்ரோலை நான் சேர்க்கலை."