ஜிர்ஜிஸின் கிளாஸ்

ஞாயிறு. பிற்பகல் மணி 2.40.

நக்லே ஷல்ஹூபின் உடலை வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த ஒரு மேஜை விரிப்பால் மூடியிருந்தார்கள். விரிப்பு போதவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கென்று பாலிஷ் போட்ட பழுப்பு ஷூக்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

இன்ஸ்பெக்டர் வதீ ஸாஸீன் ஷூக்களைப் பார்க்கவில்லை. மேஜையைப் பார்த்தார்.

திராட்சைப் பந்தலின் கீழ் நான்கு பேர் சாப்பிட்ட மேஜை. நாற்காலிகளோ ஐந்து. ஐந்தாவதன் முன்னால் தட்டில்லை, ரொட்டியில்லை. ஒரே ஒரு சின்னக் கிளாஸ். விளிம்பு வரை, தண்ணீர் கலந்து பால்வெள்ளையாய், சோம்புச் சாராயமான அரக்.

"அது யாருக்கு?"

கான்ஸ்டபிள் ஷர்பெல் சிலுவைக்குறி போட்டுக்கொண்டான். "ஜிர்ஜிஸுக்கு சார். இவரோட தம்பி."

"கூப்பிடு அவரை."

"அவரு எண்பத்து நாலுல காணாமப் போனவரு சார். உள்நாட்டுச் சண்டை நேரம். சோம்பு வாங்க அண்ணனும் தம்பியும் ஒரே வண்டியில போனாங்க. அண்ணன் மட்டும் திரும்பி வந்தாரு. முப்பது வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தம்பி நாற்காலிக்கு ஒரு கிளாஸ் ஊத்தி வைப்பாரு. சாப்பாடு முடியிற வரைக்கும் அதை யாரும் தொடக்கூடாது. கடைசியில அவரே எடுத்துக் குடிச்சிருவாரு." ஷர்பெல் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்குத்தான் குடிக்கலை. ஊர்ல என்ன பேசுறாங்க தெரியுமா? இத்தனை நாள் அரக்குக்கு வந்தவன் இன்னிக்கு அண்ணனுக்கே வந்துட்டான்னு..."

"ஆவிக்குப் போடுற அளவுல என்கிட்ட விலங்கு இல்லடா. டாக்டர் என்ன சொல்றார்?"

"திராட்சைக் கொடிக்கு அடிக்கிற பூச்சிமருந்து. குடிச்சு அஞ்சு பத்து நிமிஷத்துல ஆளை முடிச்சிருக்கு. சோம்பு வாசனையில மருந்து நாத்தம் தெரியாதாம்."

காற்றே இல்லை. ஆனாலும் ஐந்தாவது நாற்காலிக்கு மேல் ஒரு திராட்சை இலை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. வதீ குனிந்து கிளாஸைப் பார்த்தார். ஆறின பாலில் படிவதுபோல அரக்கின் மேல் மெல்லிய ஆடை. நடுவில் விரல்நகம் அளவுக்கு இரண்டு ஐஸ் துண்டுகள் மிதந்தன.

செத்தவர் தன் பங்குக்குக் குடித்த மூன்று கிளாஸ்களும் அருகில் இருந்தன. அங்கே எந்த வீட்டிலும் ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கிளாஸ்தான். தட்டில் கவிழ்த்து வைத்த கிளாஸ்கள் இன்னும் மிச்சமிருந்தன.

மணி 3.15.

தன்னூஸ் அந்த வீட்டில் இருபத்தாறு வருடமாக அரக் காய்ச்சுகிறவன். கைவிலங்கு ஏற்கெனவே ஏறிவிட்டது. மேலதிகாரியின் உத்தரவு: ஆறு மணிக்குள் ஆளை ஸஹ்லே நகர ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும்.

"எல்லாரும் குடிச்சது ஒரே பாட்டில். ஒரே ஜாடித் தண்ணி, ஒரே ஐஸ். அவருக்கு மட்டும் தனியா நீ என்ன குடுத்தே?"

"புதுசாக் காய்ச்சின அரக்குல ஒரு வாய், ருசி பாக்க. வருஷா வருஷம் குடுக்குறதுதான்."

"எப்போ?"

"சாப்பாடு முடியிற நேரம். ரெண்டு மணி இருக்கும்."

"ரெண்டு பத்துக்கு விழுந்துட்டார்."

"தெரியுது ஐயா, எனக்கே தெரியுது. என்னைக் கொண்டுபோங்க. ஆனா கொப்பரைக்கு அடியில நெருப்பு எரியுது. வேகம் கூடினா மொத்தமும் பாழ். இந்த ஷர்பெலையாவது பக்கத்துல உக்காரச் சொல்லுங்க."

"நானா? கொப்பரையா?" என்றான் ஷர்பெல். "எங்கம்மா என்னை அடுப்பாங்கரைக்குள்ளயே விடமாட்டா."

"பேசாம போய் உக்காரு. சொட்டு சொட்டா விழணும். ஒழுகினா விறகை இழு."

விலங்கோடு இருக்கும் ஒருவன் கான்ஸ்டபிளை வேலை ஏவினான். கான்ஸ்டபிளும் போனான்.

மணி 3.45.

காணாமல் போனவனின் மனைவி ஸல்வா. மகன் பெயரைச் சேர்த்து ஊரில் உம் ரம்ஸி, அதாவது ரம்ஸியின் அம்மா, என்பார்கள். புருஷனுக்குக் கல்லறை இல்லாததால் கருப்பும் உடுத்தாமல், கலரும் உடுத்தாமல் முப்பது வருடமாகச் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறாள்.

"உம் ரம்ஸி, பெரியவர் அந்தக் கிளாஸை எப்போ ஊத்தினார்?"

"உக்காந்த உடனே, பன்னெண்டரைக்கு. அவர் கையாலதான்."

"இன்னிக்கு ஏன் குடிக்கலை?"

"நானும் ரம்ஸியும் தன்னூஸும் தட்டெடுத்துட்டு உள்ள போனோம். அவர் மட்டும் இருந்தார். சத்தம் கேட்டு ஓடிவந்தா கீழ கிடக்கார். கிளாஸ் நிறைஞ்சிருக்கு."

"விழுந்த பிறகு மேஜைகிட்ட யார் இருந்தது?"

"யாரைன்னு சொல்றது? நான் போனுக்கு ஓடினேன். தன்னூஸ் வண்டிக்கு ஓடினான். ரம்ஸி தண்ணிக்கு ஓடினான். எல்லாரும் ஓடுறதும் வர்றதுமா..." அவள் கண்கள் ஐந்தாவது நாற்காலிக்குப் போய்விட்டுத் திரும்பின. "பயமா இருக்கு தம்பி. அந்த நாற்காலியில இன்னும் யாரோ உக்காந்திருக்காப்புல இருக்கு."

மணி 4.10.

ரம்ஸிக்கு முப்பது வயது. அப்பா காணாமல் போன வருடம் பிறந்தவன். எட்டு வருடமாக பெய்ரூத்தில் ஒரு ஹோட்டல் மதுக்கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வருவான்.

"உன் கைப்பக்குவத்தைப் பத்தி ஊரே பேசுதாமே. ரொம்பப் பிரபலம் எது?"

அந்த நேரத்திலும் அவன் முகத்தில் சின்னப் பெருமிதம் வந்தது. "மாதுளையும் ஜின்னும். சுலபம்தான் சார். முதல்ல கிளாஸ் நிறைய ஐஸ். மேல ரெண்டு பங்கு ஜின், ஒரு பங்கு மாதுளைச் சாறு, அரைமூடி எலுமிச்சை. புதினாவை உள்ளங்கையில ஒரு தட்டுத் தட்டிப் போடணும். நசுக்கினா கசந்துரும்."

"ஒரு ராத்திரிக்கு எத்தனை கிளாஸ் போடுவே?"

"இருநூறு, முந்நூறு. கண்ணை மூடிக்கிட்டே போடுவேன்."

"பெரியப்பாவோட எப்படி?"

"என்னை வளர்த்ததே அவர்தானே சார்." பெருமிதம் போய்விட்டது.

மணி 5.30.

பந்தலுக்குக் கீழே நிழல் நீண்டு ஐந்தாவது நாற்காலியை மூடியிருந்தது. அதில் உட்காரச் சொன்னால் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். வதீ உட்கார்ந்தார். ஸல்வா வாயைப் பொத்திக்கொண்டாள்.

"தன்னூஸ் குடுத்த அரக்குல விஷம் இல்ல," என்றார் வதீ. "விஷம் இந்த நாற்காலி கிளாஸ்ல இருந்தது."

"அது நிறைஞ்சு இருந்ததே!" என்றான் தன்னூஸ்.

"இருந்தது. நான் வந்தப்போ அதுல ஐஸ் மிதந்தது. பன்னெண்டரைக்கு ஊத்தின கிளாஸ்ல, இந்த வெயில்ல, ரெண்டே முக்காலுக்கு ஐஸா? பெரியவர் வழக்கம்போலத் தம்பி கிளாஸைக் குடிச்சுட்டார். அதுதான் ஆளைச் சாய்ச்சது. ஓட்டமும் கூச்சலுமா இருந்தப்போ ஒருத்தர் காலி கிளாஸை எடுத்துட்டு, தட்டுலேர்ந்து புதுசு எடுத்துக் கலக்கி வெச்சிட்டார். தொடாத கிளாஸைப் போலீஸ் சந்தேகப்படுமா?"



"நான்தான்," என்றாள் ஸல்வா.

"அம்மா!"

"நீ சும்மா இரு. நான்தான் விஷம் வெச்சேன். நான்தான் மாத்தினேன். எழுதிக்கோங்க தம்பி."

வதீ அவளை இரக்கத்தோடு பார்த்தார். "எப்படிக் கலக்கினீங்க உம் ரம்ஸி?"

"எல்லாரும் கலக்குற மாதிரிதான். ஒரு பங்கு அரக், ரெண்டு பங்கு தண்ணி, கடைசியில ஐஸ்."

"ஏன் கடைசியில?"

"ஐஸை முன்னாடி போட்டா சோம்பெண்ணெய் திரிஞ்சு மேல ஆடை கட்டும்ல? இது பச்சைப் பிள்ளைக்கும் தெரியுமே."

"இந்தக் கிளாஸ்ல ஆடை கட்டியிருந்தது."

அவள் நகர்ந்து மகனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"தன்னூஸ் உயிரே போனாலும் அப்படிச் செய்ய மாட்டான். நாப்பது வருஷம் இந்த மேஜையில பரிமாறின உங்க கையும் செய்யாது. பதட்டத்துல மூளை வேலை செய்யாதும்மா, கைதான் செய்யும். ராத்திரிக்கு முந்நூறு தடவை, கிளாஸை எடுத்த உடனே ஐஸை அள்ளிப் போடுற கை ஒண்ணுதான் இங்க இருக்கு."

பந்தலுக்குப் பின்னால், கொப்பரைக்குப் பக்கத்துத் திராட்சைச் சக்கைக் குவியலில் வதீ தேடச் சொல்லியிருந்த ஷர்பெல் வந்தான். முழங்கை வரை ஊதா நிறம். கைக்குட்டையில் ஒரு சின்னக் கிளாஸ்.

"ஒரு முழம் ஆழத்துல சார்."

ரம்ஸி தன் வலது கையை, அது வேறொருத்தன் கை என்பதுபோல, திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"எனக்குத் தெரியாதா சார்? மூணு வயசுலேர்ந்து பாக்குறேன். அரக், தண்ணி, ஐஸ்..." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "போன மாசம் ஒரு கிழவன் எங்க மதுக்கூடத்துக்கு வந்தான். சண்டைக்காலத்துத் துப்பாக்கிக்காரன். என் பேரைக் கேட்டதும் கிளாஸைக் கீழ வெச்சுட்டான். எண்பத்து நாலுல ஷல்ஹூப் ரெண்டு பேரை நாங்க வழியில மறிச்சோம்னான். தம்பியை இறக்கி, இவன் யாருன்னு அண்ணன்கிட்ட கேட்டாங்களாம். பெரியப்பா என்ன சொன்னார் தெரியுமா? 'தெரியாது. வழியில ஏறினவன்.' அவ்வளவுதான். இவரைப் போகச் சொல்லிட்டாங்க. அப்பா கத்துனாராம், 'நக்லே, நக்லே'ன்னு. வண்டி நிக்கலை. அப்புறம் முப்பது வருஷம் அப்பாவுக்கு அரக் ஊத்தி வெச்சு, அதையும் இவரே குடிச்சார் சார். பாத்துக்கிட்டே இருந்தேன்."

வதீ தன்னூஸின் விலங்கைக் கழற்றினார். தன்னூஸ் மணிக்கட்டைத் தேய்க்கக்கூட இல்லை. எழுந்து ஸல்வாவின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றான்.

ஸல்வா அழவில்லை. மகன் முகத்தையே பார்த்தாள்.

"எந்த இடத்துல மறிச்சாங்களாம்?"

"கிழவனுக்கு ஞாபகம் இல்லம்மா. மலைப்பாதைன்னான். அதுக்கப்புறம் அவன் வரவே இல்ல."

"உங்க பெரியப்பாவுக்குத் தெரியுமே. அவர்தானே வண்டி ஓட்டினார்?"

ரம்ஸி ஐந்தாவது நாற்காலிப் பக்கம் திரும்பினான்.

"கேட்டியாடா?" அவள் எழுந்தாள். "எந்த வளைவு, எந்தக் கல்லு, எந்த மரத்துக்கிட்ட விட்டுட்டு வந்தேன்னு அவர்கிட்ட கேட்டியா?"

அவன் தலை குனிந்தான்.

"கேக்காமலே கொன்னுட்டியா?"