நான்கு மணிப் பக்கம்

நான்கு மணி ஆக இன்னும் பத்து நிமிடம் இருந்தது. அதற்குள் ம4 நீலமாகியிருந்தது.

அவள் கையை விசைகளிலிருந்து எடுத்துக்கொண்டாள். அண்ணன் வேண்டாமென்று ஒதுக்கிய பழைய லேப்டாப் அது. அதில் அவள் எழுதுவது படமோ அலங்காரமோ இல்லாத வெறும் எழுத்து மட்டுமே கொள்ளும் ஒரு குறிப்புப் புத்தகம். ஆனால் குறுக்கு வழிகளை நாமே வைத்துக்கொள்ளலாம். எந்த எழுத்துக்கு எந்த ஃபோல்டர் என்று அமைப்புப் பக்கத்தில் ஒரு வரி எழுதினால் போதும். 'ம' போட்டு எண்ணைப் போட்டால், அப்பாவின் அந்த மணிக்கான பக்கம் திறக்கும். காய்ச்சல் எவ்வளவு, எத்தனை கரண்டி உள்ளே போனது, எந்தப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்தாள் என்பதெல்லாம் அதில் இருக்கும். எழுதிய பக்கம் என்றால் நீலம். எழுதாதது என்றால் சாம்பல்.

மதியத்திலிருந்து அப்பாவுக்கு இருமல். உட்காரவே நேரமில்லை. இப்போதுதான் மொத்தமாக எழுத வந்தாள். ம1, ம2, ம3, ம4. எழுதாத நான்கும் நீலமாக இருந்தன.

அப்பாவின் கண் கூசும் என்பதால் எப்போதும் இழுத்து மூடியிருக்கும் திரைக்குப் பின்னால் வெயில் அழுக்கு மஞ்சளாகத் தேங்கி நின்றது. மருந்து நெடியும் காயாத போர்வையின் வாடையும் மின்விசிறியின் ஒவ்வொரு சுற்றுக்கும் முகத்தில் வந்து மோதிவிட்டுப் போயின. எங்கோ குழாய் சொட்டுவது போல, ஆனால் குழாயை விடப் பொறுமையில்லாமல், டக் டக்கென்று ஒரு சத்தம் இரண்டு மணியிலிருந்தே கேட்டுக்கொண்டிருந்தது. கூடத்தில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பகலில் வீட்டுக்கே வராதவன் மூன்று மணிக்கு வந்தான். ஷூவைக் கழற்றவில்லை. வேவு பார்க்க வந்திருக்கிறான் என்று அவளுக்கு எரிந்தது.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஆரம்பித்துவிட்டான். மாத்திரையை அவள் தவற விடுகிறாளாம், குறிப்பைப் பார்க்க வேண்டுமாம். "கம்ப்யூட்டர் மேடம், கொஞ்சம் காட்டுங்க, நாங்களும் பாக்கறோம்" என்று முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அவனுக்குக் காட்ட முடியாது. ஏனென்றால் இன்னொரு குறுக்கு வழியும் இருந்தது. 'கோ' போட்டு எண். அது அவளுடைய கோபங்களின் ஃபோல்டர். அப்பா கை கால் விழுந்து படுத்த அன்றே, பத்தாம் வகுப்பின் நடுவில், பள்ளிக்கூடம் போதும் என்று அண்ணன் முடிவு செய்தான். அவளை யாரும் கேட்கவில்லை. சத்தமே போடாதவள் என்று வீட்டில் அவளுக்குப் பூனை என்று பெயர். பூனை எல்லாவற்றையும் எழுதி வைத்தது.

அவன் குனிவதற்குள் அமைப்புப் பக்கத்தைத் திறந்து 'கோ' வரியை அழித்தாள்.

இப்போது அந்த அமைப்புப் பக்கத்தைப் போய்ப் பார்த்தாள். பார்த்ததும் சிரிப்பு வந்தது. அவசரத்தில் 'கோ' என்ற எழுத்தை மட்டும் அழித்திருந்தாள். கோபங்களின் ஃபோல்டர் முகவரி மேல் வரியில் 'ம'வோடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். ம1 என்றால் முதல் கோபம். ம4 என்றால் நான்காவது. நீலமாகாமல் என்ன செய்யும்?

பழைய கோபத்தைப் பார்க்கும் ஆசையில் ம1-ஐத் தட்டினாள்.

'அண்ணி போனில் என்னைப் பற்றிப் பேசுகிற குரல் அடைத்துப் போகட்டும்.'

ஒரு மணிக்கு அண்ணியின் போன் பேச்சு நடுவே நின்றது. தொண்டையைத் தொட்டுக் காட்டினாள். சளி என்று நினைத்து இவள் வெந்நீர் கொடுத்தாள்.

ம2. 'சாப்பிட்டதும் அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாளே, அது சாத்தியே கிடக்கட்டும்.'

டக். டக். டக்.

அது குழாய் இல்லை. அண்ணியின் அறைக் கதவில், உள்ளிருந்து, நகம்.

ம3-ஐத் தட்ட வேண்டியதில்லை. ஆனாலும் தட்டினாள். 'அண்ணன் ஒரு நாளாவது பகல் முழுக்க இந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கட்டும்.'

கூடத்தை எட்டிப் பார்த்தாள். அண்ணன் முழங்காலில் கை வைத்து நேராக உட்கார்ந்திருந்தான். எழ முயல்கிறவனைப் போலத் தொடைகள் நடுங்கிக்கொண்டிருந்தன. எழவில்லை.

மூன்று ஐம்பத்தெட்டு.

ம4 அவளுக்கு நினைவிருந்தது. அப்பாவுக்குச் சரியாக விழுங்க வராது. ஒரு கரண்டி கொடுத்து, அது இறங்கிய பிறகுதான் அடுத்தது என்று டாக்டர் இரண்டு முறை சொல்லியிருந்தார். மூச்சுக்குழலுக்குள் போனால் அதோடு சரி. அது தெரிந்தும் அண்ணன் அன்றைக்கு வாசலில் நின்றபடி சொன்னான்: "வாயை மூடினா விட்டுடறதா? சோம்பேறி. ஊட்டு." அன்று எழுதியது.

'நீ ஊட்டு அண்ணா. அவர் வாயை மூடினாலும் ஊட்டு. கை ஒடிந்தாலும் நிறுத்தாதே.'

முகவரியைச் சரிசெய்தாள். ம4 நீலமாகவே இருந்தது. பக்கத்தை அழித்தாள். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆமாம். ஆமாம். ம4 சாம்பலானது.

மூச்சு விட்டாள்.

கூடத்தில் நாற்காலி நகர்ந்தது.

ஷூ சத்தம். சமையலறை. கிண்ணம். கரண்டி. மறுபடி ஷூ சத்தம்.

அவள் ஓடினாள்.

அண்ணன் கட்டிலருகே குனிந்து நின்றான். அப்பாவின் வாயில் பால் நிரம்பியிருந்தது. மேலே இன்னொரு கரண்டி. இன்னொன்று. அப்பாவின் தொண்டை ஒரு முறை மேலே ஏறி அங்கேயே நின்றது.

அவள் அவன் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்துத் தொங்கினாள். அவளையும் தூக்கிக்கொண்டு கை போனது. வந்தது. போனது.

"நான் இல்லடி" என்றான். அவன் கன்னம் நனைந்திருந்தது. "கை நிக்க மாட்டேங்குது. என்ன பண்ண? என்ன பண்ணட்டும், சொல்லு."

அவளுக்குத் தெரிந்தது ஒன்றுதான்.

"எனக்கு உன் மேல கோபமே இல்லண்ணா."

சொல்லும்போதே அந்தப் பொய் அவளுடைய நாக்கில் கசந்தது. அப்பா சாகிறார். அவளுக்கோ, மனதின் அடியில், இப்போதும், இவன் ஊட்டட்டும் என்றுதான் இருந்தது.

கரண்டி வேகமானது.

"இல்லண்ணா. சத்தியமா இல்ல."

இன்னும் வேகம்.

பால் காதோரம் வழிந்தது. தலையணை. தரை. அப்பாவின் கண்கள் அண்ணனைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்தன. இமைக்கவில்லை.

கரண்டி பல்லில் தட்டியது. மறுபடி. மறுபடி. கிண்ணத்தில் பால் குறையவே இல்லை.