பின்படிக்கு அடியில்

பின்வாசல் படிக்கல்லுக்கு அடியில் இருந்த பொந்தின் வாய் நேற்றைவிட அகலமாகத் தெரிந்தது. மண் சரிந்திருக்கும் என்று பெரியவர் தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். சரிந்த மண் எங்கும் கிடக்கவில்லை. யாரோ தினமும் புகுந்து புறப்பட்டதுபோல விளிம்பு வழவழவென்று தேய்ந்திருந்தது. உள்ளிருந்து அந்த வாடை வந்தது. பழைய எண்ணெயும் ஈரத் துணியும் நெடுநாள் பூட்டிக் கிடந்த பெட்டியும் சேர்ந்தாற்போன்ற கனத்த வாடை.

அந்த வாடையைத்தான் அவர் நம்பியிருந்தார். கடற்குருவிக்கு அப்படித்தான் அடிக்கும் என்று அப்பா சொல்வார். உள்ளங்கையில் அடங்கும் கரிய பறவை அது. வாலடியில் ஒரு வெள்ளைப் பட்டை, அலகின்மேல் சின்னக் குழல். ஆண்டெல்லாம் நடுக்கடலில் திரியும். முட்டையிட மட்டும் கரைக்கு வரும், அதுவும் கும்மிருட்டில்தான். இந்தக் கரையில் அது பொந்து வைக்கிறது என்று அப்பா சொன்னபோது படித்தவர்கள் கூட்டத்தில் சிரித்தார்கள். தெருவில் ‘குருவியார்’ என்று பட்டம் கட்டினார்கள். நிரூபித்துக் காட்டுகிறேன் என்று ஒரு மாலை தனியாகப் படகில் போனவர் திரும்பவே இல்லை. உடலும் கரை ஒதுங்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா, சாகும்வரை, பின்வாசல் விளக்கைப் போட விட்டதில்லை. வெளிச்சம் இருந்தால் அது கரையேறாது என்பாள். ‘அது’ என்றுதான் சொல்வாள்.

அந்தப் பட்டப்பெயரைத் துடைத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவது என்று பெரியவர் உறுதியாக இருந்தார்.

மாலை மங்கும் வேளையில் சித்தி மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள். கூடப்பிறந்தவர்கள் இல்லாத அவருக்கு அவள்தான் தங்கை.

“அண்ணா, சாப்பிட்டியா, இல்ல குருவிக்குக் காவலா?”

“நாளைக்கு அருங்காட்சியகத்துல இருந்து ஆள் வருது. அப்பா சொன்னது சரின்னு ஊரறியச் சொல்லப்போறாங்க.”

“குருவிக்குச் சான்றிதழ் வாங்கின ஒரே வீடு உங்க வீடாத்தான் இருக்கும்.” சிரித்தாள். பிறகு குரல் தணிந்தது. “தனியா இருக்காதே அண்ணா. இங்க வந்துடேன்.”

“இந்த வீட்டை இருட்டுல போட்டுட்டு வரச் சொல்றியா?”

“நீதான் விளக்கே போடறதில்லையே.”

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

அருங்காட்சியகத்துப் பறவை ஆய்வாளர் காலையிலேயே வழி சொல்லியிருந்தார். “பொந்துகிட்ட உக்காந்து அதோட குரல்ல கூப்பிட்டுப் பாருங்க சார். தன் இனம் கூப்பிட்டாத்தான் உள்ள இருக்கிறது பதில் குடுக்கும். வந்துட்டா வேற அடையாளமே வேண்டாம். பொந்து எவ்வளவு அகலம்?”

“மூணு விரல்” என்றார் பெரியவர்.

உண்மையில் ஓர் ஆள் தோள்வரை நுழையலாம். அதைச் சொன்னால் கீரி, நரி என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பு இந்த வாசலில் இன்னொரு முறை கேட்கக் கூடாது.

நன்றாக இருட்டியதும் பின்படியில் அமர்ந்தார். கடலின் இரைச்சலைத் தவிர அக்கம்பக்கத்தில் மூச்சு விடும் சத்தம்கூட இல்லை. ஆய்வாளர் அனுப்பிய பறவைக்குரலைக் கைப்பேசியில் ஓடவிட்டார். தொண்டைக்குள் உருளும் முனகல், முடிவில் ஒரு விக்கல். பொந்து பேசவில்லை. மறுபடியும் ஓடவிட்டார். மௌனம்தான்.

அப்பா இதே படியில் உட்கார்ந்து அம்மாவைச் சிரிக்கவைக்க அந்தக் குரலைக் கொடுப்பார். பெரியவர் தொண்டையைச் செருமிக்கொண்டு அதேபோல் முனகினார். அச்சு அசலாக அப்பாவின் குரல் வந்தது.

படிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

அதே முனகல். அவருக்குக் கண் கலங்கியது. “ஜெயிச்சுட்டோம்பா” என்றார், சத்தமாகவே. மறுபடி குரல் கொடுத்தார். பதிலும் மறுபடி வந்தது, இன்னும் மேலேறி, இன்னும் அருகில். உருண்டது, விக்கியது. விக்கிய பிறகு, மெல்லத் தொண்டையைச் செருமிக்கொண்டு இருமியது.

குருவி இருமாது.

அம்மாவின் அந்த இருமலைப் பக்கத்து அறையில் படுத்தபடி அவர் எத்தனையோ இரவு கேட்டிருக்கிறார்.

எழ நினைத்தார். கால் மரத்திருந்தது. உள்ளிருந்த குரல் இப்போது அவருக்குப் பதில் சொல்லவில்லை. அவரைத் தாண்டி யாரையோ கூப்பிட்டது. அப்பா சொல்லித் தந்தது நினைவுக்கு வந்தது. ஒன்று பொந்தில் அடைகாத்துக் கிடக்கும். மற்றது கடலில் இருக்கும். துணையின் குரல் கேட்டால், இருட்டில், வீடு தப்பாமல் வந்து சேரும்.

கடற்பக்கம் மணல் அரைபட்டது.

கடற்குருவிக்குக் கால் ஊன்றி நிற்க வராது என்பார் அப்பா. முழங்காலுக்குக் கீழே மடக்கி, தேய்த்துத் தேய்த்துத்தான் வரும்.

ஓர் இழுப்பு. நிறுத்தம். இன்னோர் இழுப்பு. ஈரமாக. கனமாக.

சுவரில் விளக்குப் பொத்தானைத் தட்டினார். இருட்டு அப்படியே இருந்தது. அங்கே விளக்குக் குமிழ் இல்லாமலே எத்தனையோ காலம்.

பொந்திலிருந்து ஏதோ நீண்டு அவர் கணுக்காலைப் பற்றியது. மென்மையாக. தவழும் பிள்ளை படியில் விழாமல் பிடிப்பதுபோல.

ஒரே முட்டை. ஒரே குஞ்சு. தனியே காத்துக் கிடக்கும். கடலிலிருந்து வந்தது அதற்கு வாயோடு வாய் வைத்து எண்ணெய் புகட்டும்.

அவர் முகத்தில் உப்புநீர் சொட்டியது. குளிர்ந்த கன்னம் ஒன்று கன்னத்தில் உரசியது. அந்த வாடை.

பெரியவரின் வாய் தானாகத் திறந்துகொண்டது.