கவர்னர் வீட்டுப் பிள்ளையின் சட்டை

"ஐயோ...! என்ர சட்டை...!"

1934. கண்டி வாவிக்கரைப் பங்களாவில் காலையிலேயே எழுந்த அலறல்!

அலறல் என்றால் பிணம் கிடக்க வேண்டும். எனக்கும் ஆசைதான்! ஆனால் மேசையில் கிடந்தது ஒரு குழந்தைச் சட்டை. நான் எழுதினால் எனக்கு வாய்ப்பது இவ்வளவுதான்.

வெள்ளை வெளேரென்ற சட்டை. அந்த வெள்ளைதான் வில்லங்கம்!

"நான் வாங்கினது ஒல்லாந்துக் கவர்னர்ர பிள்ளை போட்ட சட்டை, இன்ஸ்பெக்டர்! நூற்றைம்பது வருஷப் பழசு. நல்ல பழுப்பு நிறம். நாளைக்கு என்ர மகனுக்கு ஞானஸ்நானம். ஆயா அதைக் களவெடுத்துப்போட்டு, இந்தப் புதுச் சட்டையை வைச்சிருக்கிறாள்!"

வழக்காடும் புரொக்டரின் மனைவி நேசரத்தினத்துக்கு மூச்சு வாங்கியது.

மூலையில் நின்றாள் ஆயா ராக்கம்மா. தெல்தெனியப் பக்கத் தேயிலைத் தோட்டத்துக்காரி.

"நான் தொவைச்சேனுங்க, அவ்வளவுதான்! பச்சப்புள்ள மேல படுறத கொதிதண்ணியில போடாம விடலாமுங்களா? சாயம் பூராம் ஓடிருச்சுங்க..."

"பொய்!" நேசரத்தினம் கத்தினாள்.

இன்ஸ்பெக்டர் ராஜலிங்கம் மீசையைத் தடவினார்.

"சட்டையை வித்தது ஆர்?"

"ஹலீம் முதலாளி. பழஞ்சாமானுக்கு விலை சொல்லக் கண்டியில அவரை விட்டால் ஆள் இல்லை."

"அவரையே கூப்பிடுவம். பிறகு இவளை ரிமாண்டுக்கு அனுப்பலாம்."

ஹலீம் வந்தார். தலையில் துருக்கித் தொப்பி, பையில் பூதக்கண்ணாடி, முகத்தில் பெருமை.

சட்டையைப் பார்த்தார்.

பெருமை போய்விட்டது!

சட்டையின் இடது கை அரை விரல் நீளம் கட்டை... அவருடைய மனைவி உம்மு குல்சும் எதைத் தைத்தாலும் இடது கை கட்டைதான்!

ஆம்! அந்தக் கவர்னர் பிள்ளை போன மாதம் பிறந்தது ஹலீம் வீட்டுக் குசினி அடுப்பங்கரையில். மனைவி தைத்ததை இவர் தேத்தண்ணியில் ஊறப்போட்டுப் பழுப்பாக்கினார். பழைய சட்டை என்றால் கழுத்தில் பால் கறை இருக்க வேண்டுமே? அதற்கு வீட்டு ஆட்டுப் பால்!

"என்ன முதலாளி, இது நீங்கள் வித்த சட்டையோ, வேறயோ?"

வேறு என்றால் ராக்கம்மா உள்ளே.

அதுதான் என்றால்... ஹலீம் உள்ளே!

பூதக்கண்ணாடியால் பார்த்தார். மோந்தார். லேஸ் பின்னலைத் திருப்பினார். மறுபடியும் மோந்தார். கண்டியே மெச்சிய மூக்கு வேர்த்துக் கொட்டியது.

'அடே ஹலீம்! ஊர்ச் சாமானுக்கெல்லாம் வெல சொன்னியே... ஒனக்கு என்னா வெலடா?'

ராக்கம்மா ஓடிவந்து காலில் விழுந்தாள்.

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க மொதலாளி! தோட்டத்து லயத்துல எம்புள்ள கைப்புள்ளைங்க. நான் உள்ள போயிட்டா அதுக்கு யாருங்க பாலு குடுப்பா?"

பாலா...! ஹலீம் பூதக்கண்ணாடியைப் பைக்குள் போட்டார்.

"அதே சட்டதான்! இந்தப் பொம்புள களவெடுக்கல்ல!"

"அப்ப ஏன் வெள்ளையாக் கிடக்கு?" நேசரத்தினம் சீறினாள்.

"அது... ஒல்லாந்துத் துணி அப்படித்தான், நோனா. கழுவினா வயசு கொறயும்!"

சொன்ன பிறகு அவருக்கே வெட்கமாக இருந்தது. எழுதிய எனக்கும்தான்.

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பையிலிருந்து பழுப்பு நிறக் குழந்தைத் தொப்பி ஒன்றை எடுத்தார்.

"அப்ப இதின்ர வயசையும் குறைப்பம். ராக்கம்மா, பேசின்ல கொதிதண்ணி கொண்டு வா!"

"ஐயா... இத எங்க வாங்கின?"

"உங்கட கடையிலதான், என்ர மகளுக்கு. போர்த்துக்கேயத் தளபதியின்ர பேரன் போட்டதாம்!"

தொப்பி தண்ணீரில் விழுந்தது. தண்ணீர் மஞ்சளானது... பிறகு சிவந்தது!

"விலை சொல்லவோ உங்களைக் கூப்பிட்டனான், முதலாளி? 'சாயம் ஓடிச்சு' எண்டு இவள் சொன்ன உடனே ஆளனுப்பித் தொப்பியை எடுப்பிச்சிட்டன். கள்ளன் நீங்கள் எண்டு தெரியும். உங்கட தலை தப்ப இந்தப் பொம்பிளையை மாட்டிவிடுவீங்களோ எண்டுதான் பாத்தனான்!"

நேசரத்தினம் கதிரையில் பொத்தென்று விழுந்தாள்.

ஹலீம் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மாட்டுங்க ஐயா. எண்ட பொஞ்சாதிய மட்டும் விட்டுடுங்க. தேத்தண்ணி ஊத்தினது நான்தான்."

ராக்கம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேசினில் குனிந்து மோந்து பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"ஏமாத்துறதுக்குக்கூடக் கழிவுத் தேயிலைத் தூளா வாங்குவீங்க மொதலாளி? எங்க தோட்டத்துத் தூளுன்னா, நான் நாள் பூராத் தொவைச்சாலும் நீங்க மாட்டியிருக்க மாட்டீங்க!"