ஐந்தாமவர் இன்னும் பேசவில்லை

மூன்றாம் குழுவில் இருந்தது நான்கே பிள்ளைகள். ஆனால் கலந்துரையாடலை நடத்தும் சாட்பாட் இல்லாத ஒருவரையும் சலிக்காமல் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. "ஐந்தாமவரே, நீங்கள் இன்னும் எதுவும் சொல்லவில்லையே?"

தப்பு அறிவியல் டீச்சருடையதுதான். மூன்று நிமிடம் வாய் திறக்காதவரைப் பேசவைப்பதும், எல்லோரையும் ஒரே முடிவுக்குக் கொண்டுவருவதும் சாட்பாட்டின் வேலை. அதை அமைக்கும் அவசரத்தில் நான்குக்குப் பதில் ஐந்து என்று போட்டுவிட்டாள். மாலை வகுப்பு நேரம். மழை ஈரமும் பழைய தாள் வாடையும் அடைத்துக் கிடந்த ஆசிரியர் அறையில், கடகடக்கும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, தாழ்வாரக் கோடியில் கணினி அறையில் பிள்ளைகள் தட்டுவதையெல்லாம் திரையில் படித்துக்கொண்டிருந்தாள். நால்வரில் ஒருத்தி அவள் மகள் குட்டி. குட்டி நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டாள். அவளைப் பேசவைக்கத்தான் இந்த ஏற்பாடே.

"ஒரு நம்பர ஒழுங்கா போடத் தெரியல, நீயெல்லாம் டீச்சர்!" என்றாள் எதிரே தாள் திருத்திக்கொண்டிருந்த கணக்கு டீச்சர். இருவரும் சிரித்தார்கள்.

"அது பேயா இருக்கும், பதில் சொல்லாது" என்று தட்டினாள் குழுவின் வாயாடி.

பதினோராவது அழைப்புக்குப் பதில் வந்தது.

"நான் எங்கே உட்காருவது?"

அறிவியல் டீச்சர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துக்கொண்டாள்.

"அருமையான கேள்வி!" என்றது சாட்பாட். "மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

"குட்டி மடியில உக்காரு" என்றாள் வாயாடி. மற்ற இருவரும், "ஆமா, ஆமா!"

"மூவர் ஒப்புதல். குட்டி, உங்கள் கருத்து?"

குட்டி எழுதவில்லை. டீச்சர் உரையாடலை மூடப் பார்த்தாள். முடிவு எட்டும்வரை மூட இயலாது என்றது திரை.

"வேணாம்னு சொல்லுடி" என்று முணுமுணுத்தாள். "சொல்லித் தொலையேன்டி!"

"குட்டி?"

மூன்று நிமிடம்.

"மௌனம் சம்மதம். முடிவு எட்டப்பட்டது. நன்றி!"

ஓடினாள். ஈரத் தரை. தாழ்வாரம். கதவு.

மூன்று பிள்ளைகள் சுவரோடு ஒட்டி நின்றார்கள். குட்டி மட்டும் நாற்காலியில். இரண்டு கையும் நாற்காலியின் விளிம்பை இறுகப் பற்றியிருந்தன. சீருடைப் பாவாடை தொடையோடு அமுங்கிக் கிடந்தது.

"அம்மா... கனக்குதும்மா. எந்திரிக்கச் சொல்லும்மா."

கையைப் பிடித்து இழுத்தாள். நாற்காலியும் சேர்ந்து நகர்ந்தது. குட்டி எழவில்லை.

யாரும் தொடாத விசைப்பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக அமுங்கின.

"வசதியாக இருக்கிறது. இங்கேயே இருந்துவிடுகிறேன்."